பின்னும் பின்னும்

அஞ்செட்டி தாண்டி இரண்டாவது நிறுத்தம்.
மூன்றாம் வகுப்புப் பெஞ்சு
என் முழங்காலுக்கு ஒத்துவரவில்லை,
தரையில் உட்கார்ந்து படிவத்தை விரிக்கிறேன்.
குரல், ஐந்து மதிப்பெண்.
கரும்பலகைப் பயன்பாடு, ஐந்து.
உச்சரிப்பு, ஐந்து.
பெயர்: செ. மாதேஸ்வரி, இரண்டாம் ஆண்டு.
ஊர் பென்னாகரம்.

ராத்திரியெல்லாம் வெட்டி ஒட்டிய அட்டைகள்
அவள் கையில் கொஞ்சம் நடுங்குகின்றன.
பாடக்குறிப்பில் ஒன்பது நிமிடம் ஒதுக்கியிருக்கிறாள்,
இரண்டே சொல்லுக்கு.

சேலை மடிப்பில் குத்தியிருந்ததைக் கழற்றிக் காட்டி
பின் என்கிறாள்.
மூலையில் கிடந்த குப்பைக்கூடையைத் தூக்கிக் காட்டி
பின் என்கிறாள்.
பிள்ளைகளும் பின், பின்.

எழுதுகிற எனக்கும் வேறு வழியில்லை.
தமிழில் இரண்டுக்கும் ஒரே ப.
இந்தத் தாளை நீங்கள்
காதில் வைத்துப் பார்த்தாலும் தெரியாது
எது எதுவென்று.

ருத்ரேஷ் மட்டும் வாய் திறக்கவில்லை.
வீட்டில் கன்னடம், சந்தையில் தெலுங்கு,
இந்த நாலு சுவருக்குள் தமிழ்.
"டீச்சர், கூடைக்கு அது இல்ல"
என்றவன் சொல்லிக் காட்டிய பின்னில்
தொண்டைக்குள் ஒரு வண்டு உருண்டது.
அவன் அம்மா சோற்றுக்குக் கூப்பிடும் 'பா'வில்
உருளும் அதே வண்டு.
நாம் 'வா' என்போமே, அது.

படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை.
குறுக்கிடலாமா கூடாதா என்று
பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.
பதினோரு வருடம், பதினோரு பேட்ச்,
"உதட்டைக் கவனிங்க, உதட்டைக் கவனிங்க" என்றே
சொல்லி அனுப்பியவள் நான்.
உதடு இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் மூடுகிறது.

மாதேஸ்வரி கூடையைக் கீழே வைத்தாள்.
அவன் முன்னால் குந்தினாள்.
"தம்பி, இன்னொரு தரம் சொல்லு."
சொன்னவள் அப்படியே நின்றுபோனாள்.
விரல் தன் தொண்டைக்குப் போனது.
தம்பி.
தம்... பி.
தம்மை விழுங்கிவிட்டு
பி. பி.
பின்.
சில்லறையை எண்ணிப் பார்த்த கடைக்காரனைப் போல
ருத்ரேஷ் தலையாட்டினான்.

உச்சரிப்புக்கு மூன்று போட்டு, அடித்து, நான்கு போட்டேன்.
ஐந்தே போட்டிருக்கலாம்.
கை வரவில்லை. பழக்கம்.

திரும்பும் பஸ்ஸில்,
இறக்கத்தில் யானை நிற்கிறதாம்,
ஓட்டுநர் இன்ஜினை அணைத்துவிட்டார்.
இருட்டு. யாரும் பேசவில்லை.
ஜன்னலோரம் அவள் மட்டும் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்:
கம்பு, அம்பு, கரும்பு, வேம்பு.
சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்து,
"மேடம், பாம்பு!
ரெண்டு சத்தமும் அதுலயே இருக்கு" என்று
சொல்லி முடிப்பதற்குள்
முன் வரிசை மொத்தமும்
காலைத் தூக்கி
சீட்டின் மேல் வைத்திருந்தது.