மற்றவை

திங்கள் காலை ஒன்பதரைக்கு
கீழ்த்தளத்துப் பெரிய திரையில் ஏறியாக வேண்டும்.
இன்று வெள்ளி. ஆறு ஐம்பது.
ஜூரோங் ஈஸ்ட் வானம்
மழைக்கு முந்தைய அலுமினிய நிறம்.

நான்கு மொழியில் ஒரே வரி.
மூன்று மொழி நலம்.
தமிழில் மட்டும்
'எல்லோரும் சேர்ந்தே உயர்வோம்' என்பதில்
இரட்டைக்கொம்பு நான்கும்
தத்தம் எழுத்தைத் தாண்டிப் போய்
வரிசையில் இடம் தவறியவர்போல் நிற்கின்றன.
சேர்ந்தே சேரவில்லை.

வடிவமைப்பாளர் வெய் ஷானைத் தொலைபேசியில் பிடித்தேன்.
கொம்பு எழுத்துக்கு முன்னால் வரவேண்டும் என்றேன்.
'எது கொம்பு?'
நியாயமான கேள்வி.
மேலும் கீழும் சுழி போட்டது என்றேன்.
'ஓ, அந்த நத்தையா!'
இனி இந்த அலுவலகத்தில் அதன் பெயர் நத்தை.

எண்களை ஹஃபீஸா சரிபார்த்துவிட்டாள்.
சீனர் இத்தனை, மலாய்க்காரர் இத்தனை.
இந்தியர் என்ற கட்டத்துக்குள்
நானும் லக்னோவிலிருந்து வந்த கணக்காளரும்
ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாமல்
ஆங்கிலத்தில் ஒற்றுமையாய் இருக்கிறோம்.
மற்றவர் கட்டத்தில் நால்வர்.
அதில் ஒலிவேரோ
பத்தொன்பது ஆண்டுகளாக மற்றவர்,
இந்தத் தீவில் ஐந்தாம் தலைமுறை.
'யாருக்கு மற்றவர்?' என்று
ஒவ்வோர் ஆண்டும் கேட்பார்,
ஒவ்வோர் ஆண்டும் சிரிப்போம்.
இந்த ஆண்டு அவர் கேட்கவில்லை.
படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

சிக்கல் படத்தில்தான்.
சென்ற ஆண்டு எடுத்தது, பன்னிரண்டு பேர்.
என்னைப் புடவையில் வரச் சொன்னார்கள்.
என்னிடம் இருப்பதே மூன்று;
மற்ற நாளெல்லாம் கால்சட்டைக்காரி.
படம் பிடித்தவர் எங்களை
வண்ணப் பென்சில் பெட்டி அடுக்குவதுபோல்
மாற்றி மாற்றி நிறுத்தினார்.
நடுவில், சக்கர நாற்காலியில், ரிட்ஸ்வான்.
நீலக் கட்டம் போட்ட சட்டை.
எங்கள் எல்லாரையும்விட நன்றாகச் சிரித்தவன்.

மார்ச் மாதம் வேலையை விட்டுப் போய்விட்டான்.

'நல்ல படம், இருக்கட்டும்' என்கிறார் இயக்குநர்.
கெட்டவரல்ல.
பாலர்பள்ளி மூடும் முன் பிள்ளையை அழைக்க
ஓடிக்கொண்டே சொன்னார்.

எதற்கும் கேட்டுவிடலாம் என்று
ரிட்ஸ்வானுக்கே செய்தி அனுப்பினேன்.
நான்கு நிமிடத்தில் பதில்:
'வெச்சுக்கோங்க. அது ராசியான சட்டை.
ஏழாம் மாடிக் கதவு
இப்போ எந்தப் பக்கம் திறக்குது?'

எந்தக் கதவு என்று தட்டத் தொடங்கி
அழித்துவிட்டு
மின்தூக்கியில் ஏறினேன்.

நாற்காலிப் படம் ஒட்டிய கழிவறை.
உள்பக்கம்தான் திறந்தது.
கூட்ட அறையிலிருந்து
சில்லு வைத்த நாற்காலி ஒன்றை இழுத்து வந்து
உட்கார்ந்து, காலால் உந்தி, உள்ளே போனேன்.
திரும்ப இடமில்லை.
முழங்கால் இடிக்கக் கதவு பாதியில் நின்றது.
மூலையில் துடைப்பான் வாளி,
காகிதச் சுருள் பெட்டிகள் மூன்று.

தினமும் பத்தரைக்கு அவன்
எதிர்க் கடைத்தொகுதிக்குப் போவான்.
திரும்பும்போது நாற்காலிக் கைப்பிடியில்
எங்களுக்கும் சேர்த்து
நான்கு பை கோப்பி தொங்கும்.
கோப்பிப் பைத்தியம் என்று
பிறந்தநாள் அட்டையில் எழுதிக்கூடக் கொடுத்தோம்.
இரண்டு ஆண்டு குடித்தோம்,
சர்க்கரை கூடுதல் என்று குறையும் சொல்லி.

உள்ளே அமர்ந்தபடியே
பழுது தெரிவிக்கும் படிவத்தைக் கைப்பேசியில் திறந்தேன்.
வகையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது.
விளக்கு. தண்ணீர்க் கசிவு. குளிரூட்டி.
பூச்சித் தொல்லை.
கடைசியாக, மற்றவை.

அதைத் தொட்டேன்.

எட்டு இருபதுக்கு என் மேசைக்கு வந்தால்
வெய் ஷான் திருத்தி அனுப்பியிருக்கிறார்.
மூன்று நத்தைகள் வீடு சேர்ந்துவிட்டன.
'உயர்வோம்' நத்தை மட்டும்
இன்னும் வெளியே.