உரி

பதிவைப் புதுப்பிக்க
இன்னும் ஆறு புள்ளிகள் குறைகின்றன எனக்கு.
அதனால் இந்தச் சனிக்கிழமை
இரவுப் பணி முடித்த கண்ணோடு
ஜெயநகரில் ஒரு குளிரூட்டிய அரங்கில்
உட்கார்ந்திருக்கிறேன்.
கழுத்தட்டையில் என் பெயர் பாதிதான்:
அமலோற்பவம் அச்சில் அடங்காமல்
அமலோ என்று நின்றுவிட்டது.
பக்கத்து பிசியோதெரபி பையன்
மேசைக்கடியில் தட்டே இட்லி பிரிக்கிறான்.

திரையில் ஒரு கோடு.
இந்த முனை பூஜ்யம், அந்த முனை பத்து.
மேலே ஆறு முகங்கள்,
சிரிப்பிலிருந்து அழுகை வரைக்கும்.
"அவர்கள் சொல்லும் எண்ணை எழுதுங்கள்.
திருத்தாதீர்கள்" என்கிறார்
டாக்டர் அஸ்மிதா ஹெப்பார்.

பிறகு வாளி வந்தது. முழுக்க ஐஸ்.
மணிக்கட்டு வரை கையை விட்டு
தாங்கும்வரை வைத்திருந்து
ஓர் எண் சொல்ல வேண்டும்.
அறுவை மருத்துவர் ஒருவர்
நாற்பதாவது நொடியில் உதறிக்கொண்டு
ஒன்பது என்றார். அரங்கம் சிரித்தது.
நான் மூன்று நிமிடம் வைத்திருந்தேன்.
விரல்கள் யாருடையவையோ ஆனபின்
நான்கு என்றேன்.
கைதட்டினார்கள்.

அந்தக் கைதட்டல்தான் உறுத்தியது.
பத்தொன்பது வருடமாக
இந்த நான்கைக் கொண்டுதானே
மற்றவர்களின் ஒன்பதை அளந்தேன்.
எட்டு என்றவரிடம்
பேசத் தெம்பு இருக்கிறதே என்று
ஐந்து எழுதினேன்.
மார்ஃபின் அலமாரிக்கு இரண்டு சாவி,
மூன்று கையெழுத்து.
ஐந்துக்கு அலமாரியைத் திறக்க வேண்டியதில்லை.

தேநீருக்குப் பிறகு, நோயாளியின் சொற்கள்.
குத்துகிறதா, குடைகிறதா, சுண்டி இழுக்கிறதா,
விண்விண்ணென்று தெறிக்கிறதா,
எல்லாவற்றுக்கும் நேராகக் கன்னடம்.
முதல் சொல் நோவு.
எங்கள் பக்கம் வயிற்றுநோவு என்போமே, அதே நோவு.
மூன்றாவது சொல்
உரி.
நேரே எழுதியிருந்தது: எரிச்சல்.

புட்டசாமி.
பீன்யாவில் கொதிகலன் வெடித்து
முதுகெல்லாம் வெந்து வந்தவர்.
நான் தீக்காய வார்டில் சேர்ந்த பதினோராம் நாள்.
நீரு, ஊட்டா,
இதற்குமேல் கன்னடம் தெரியாத நாள்.
"உரி, அக்கா, உரி" என்றார்
தோளில் இருந்த கட்டைத் தொட்டு.

நான் உரித்தேன்.
உப்புநீர் விட்டு ஊறவைத்து
ஓரத்திலிருந்து மெதுவாக,
கேட்டதைச் செய்கிற பெருமையோடு.
அவர் அலறினார்.
"அவ்ளோதான், முடிஞ்சிருச்சு" என்றேன்
அவருக்குத் தெரியாத மொழியில்.

ஒரு மாதத்தில் அந்தச் சொல் தெரிந்துவிட்டது.
அதற்குள் அந்தப் படுக்கையில்
வேறு ஒருவர்.
யாரிடமும் சொல்லவில்லை.
அதன்பின் கன்னடம் வேகமாக வந்தது எனக்கு,
எல்லோரும் வியந்தார்கள்.

"பகிர்ந்துகொள்ள அனுபவம் ஏதாவது?"
யாரும் அசையவில்லை.
கதவுக்கு வெளியே பிரியாணி வந்துவிட்டது.
இன்னும் சிவந்திருந்த அந்தக் கை
தானாகவே உயர்ந்தது.
ஒலிவாங்கி வரிசை வரிசையாகக் கைமாறி
என்னிடம் வர நேரமாயிற்று.
புட்டசாமியை எங்கிருந்து தொடங்குவது?

"டாக்டர், அந்த நான்கு பொய்.
அடித்துவிட்டு
ஏழு என்று எழுதுங்கள்" என்றேன்.
அவர் எழுதினார்.
திருத்தவில்லை.