அணைக்கத் தெரியாதவர்கள்

செவ்வாய்க்கிழமை, ஏழு மணி.
புந்தா அரேனாசில் எங்களுக்குக் கிடைத்த ஒரே இடம்
தீயணைப்பு நிலையத்தின் மாடி.
முதல் நாள் சிரிக்கத்தான் செய்தோம்.
கீழே இரண்டு சிவப்பு வண்டிகள்.
மேலே பதினோரு பேர்,
அணைக்கத் தெரியாதவர்கள்.

இந்த ஊர்க் காற்று
ஒரு தீக்குச்சியையும் வாழவிடாது.
பலமாய் வீசும் நாட்களில் தெருமுக்கில் கயிறு கட்டுவார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.
அப்படிப்பட்ட ஊரில் முப்பத்திரண்டு வருஷம்
பற்றவைத்திருக்கிறேன்.
முதுகைக் காற்றுக்குக் கொடுத்து,
கையைக் குவித்து,
கோட்டுக்குள் முகத்தைப் புதைத்து.
என் அம்மாவுக்குக்கூட
அவ்வளவு கவனமாய் மருந்து கொடுத்ததில்லை.

போர்வெனீர் போகும் படகுக்குச் சீட்டு விற்கிறேன்.
படகு கிளம்பினால் ஒன்று.
திரும்பினால் ஒன்று.
ஜலசந்தி கொந்தளித்துப் படகே இல்லையென்றால்
யார் எண்ணினார்கள்.

எண்ணச் சொன்னாள் எதுவீஹிஸ்,
விரல்நுனியில் எப்போதும் மாவு ஒட்டியிருக்கும் பேக்கரிக்காரி.
சின்ன நோட்டு கொடுத்தாள்.
எப்போது, எதற்கு. இரண்டே கட்டம்.
"எதற்கு"வில் முதல் வாரம் முழுக்க
சும்மா, சும்மா என்றே எழுதினேன்.
பதினேழாவது சும்மாவில்
பேனா நின்றது.

ஒயார்சூன் ஆட்டு ரோமம் கத்தரிப்பவர்.
ஓர் ஆட்டுக்கும் அடுத்த ஆட்டுக்கும் நடுவே
இந்தக் கை எங்கே போகும் என்று கேட்டார்.
நாங்கள் எல்லோரும் அவர் கையையே பார்த்தோம்.
ஒருவருக்கும் தெரியவில்லை.

மிர்த்தா பன்னிரண்டு நாள் என்றாள்.
பொய்யென்று தெரிந்தே தட்டினோம்.
அடுத்த வாரம் எழுந்து நின்று, கழுத்தெல்லாம் சிவக்க,
ஒன்று, என்றாள்.
நேற்றிலிருந்து ஒன்று.
அதற்குத் தட்டியது
கீழே வண்டிவரை கேட்டிருக்கும்.

ஜூலை. நாலு மணிக்கே இருட்டும் காலம்.
பாரியா தன் நாற்பதாவது நாளைச் சொல்ல
வாய் திறந்தபோது சங்கு ஊதியது.
பகலில் பல் மருத்துவரிடம் கணக்கெழுதுகிறவன்,
சங்கு ஊதினால் தீயணைப்பவன், சம்பளமில்லாமல்.
நாற்காலி சாய்ந்தது. படி தடதடத்தது.
ஒரு வண்டி போயிற்று, பிறகு இன்னொன்று.

ஏனோ நாங்கள் கலையவில்லை.
தேநீர் ஆறியது.
ஒயார்சூன் நாற்காலியை நிமிர்த்தி வைத்தார்.
யாரும் அதில் உட்காரவில்லை.

பத்தரைக்குத் திரும்பி வந்தான்.
தகரக்கூரை வீடு, என்றான்.
ஆட்களுக்கு ஒன்றுமில்லை.
ஒரு பூனை.

அவனோடு அதுவும் படியேறி வந்திருந்தது.
மரம், தார், கம்பளி, யாரோ ஒருத்தியின் திரைச்சீலை,
எல்லாம் எரிந்த புகை
அவன் கோட்டில், தலைமயிரில்.
சொல்ல வெட்கமாயிருக்கிறது.
பத்துப் பேரும்
அவனை நோக்கிச் சாய்ந்தோம்.

மிர்த்தா அவன் கைமடிப்பைப் பிடித்து,
கண்ணை மூடி, ஆழ இழுத்தாள்.
இருமினாள்.
சிரித்தாள்.
பிறகு எங்கள் யாருக்கும் நிறுத்த முடியவில்லை,
கண்ணில் நீர் வரும்வரை,
எதற்கென்று தெரியாத அளவுக்கு.

பாரியா சிரிக்கவில்லை.
படுக்கையறையில் ஆரம்பித்திருக்கிறது, என்றான்.
தலையணைக்குப் பக்கத்தில் சாம்பல் கிண்ணம்.
உடையாமல் இருந்தது, அது மட்டும்.

ஒயார்சூன் எழுந்து போய்
அவனை அணைத்துக்கொண்டார்.
ரொம்ப நேரம்.
எங்கே போகும் என்று கேட்ட அதே கை
அந்த முதுகில் கரியாகிக்கொண்டிருந்தது.

நாற்பது, என்றான் பாரியா, அவர் தோளுக்குள்.
நாங்கள் தட்டவில்லை.
எதுவீஹிஸ் ஜன்னலைத் திறந்தாள்.
காற்று உள்ளே வந்து
காகிதக் கோப்பைகளையெல்லாம் உருட்டிவிட்டது.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு
ஒருவர் பின் ஒருவராய் முக்கைக் கடந்தோம்.
இன்னொரு கை, பழக்கத்தில்,
நெஞ்சருகே குவிந்தபடியே வந்தது,
உள்ளே ஒன்றுமில்லாமல்.

வீட்டில் நோட்டைத் திறந்தேன்.
எப்போது: பதினொன்று பத்து.
எதற்கு: பூனை.
பற்றவைக்கவில்லை.
எழுதினேன், அவ்வளவுதான்.