திரையில் என்ன தெரிகிறது

விசிறி சுற்றுகிறதா என்று கேட்கிறான் தெமூர்.
சுற்றுகிறது.
காதை வைத்துக் கேள், ஏத்தெரி,
சீராகச் சுற்றுகிறதா, இழுத்து இழுத்தா?
மேசைக்கடியில் தலையை நுழைத்துப்
பெட்டியின் விலாவில் காது வைக்கிறேன்.
சூடு, தூசி, எப்போதோ தொலைந்த கம்மல் ஒன்று.
சீராகத்தான் என்கிறேன்.

அவன் சாந்தோஸ் துறைமுகத்தில்,
சோயா ஏற்றக் காத்திருக்கும் கப்பலில்
மூன்றாம் பொறியாளர்.
பத்தூமியில் ஒன்பது நாளாய் விடாத மழை.
சன்னலுக்கு வெளியே கருங்கடல்,
திரை மேல் திரை.
உள்ளே ஒரே திரை, அதுவும் கருப்பு.

போட்டதும் கம்பெனிச் சின்னம் ஒரு நொடி வருகிறது,
உடனே அணைகிறது.
கடவுச்சொல்லைக் குருட்டாம்போக்கில் தட்டினால்
வரவேற்பு மணி மட்டும் கேட்கிறது,
கதவைத் திறக்காமல் உள்ளிருந்தே
யார் என்று கேட்பவர் குரல் மாதிரி.

பிளக்கைப் பிடுங்கு.
பொத்தானை முப்பது நொடி அழுத்திப் பிடி. எண்ணு.
எண்ணுகிறேன், அவனும் கூடவே எண்ணுகிறான்,
என் எண்ணுக்கு அரை நொடி பின்னால் அவன் எண்.
பதினேழில் இணைப்பு அறுந்தது.
மறுபடி கூப்பிட்டு,
எத்தனையில் விட்டோம் என்கிறான்.

எத்தனையில் விட்டோம்.
பன்னிரண்டு வருடத்தில்
இதை அவன் கேட்டதேயில்லை.

அடுத்து மூடியைக் கழற்றச் சொன்னான்.
லிலேயின் பென்சில் டப்பாவிலிருந்து ரப்பர்,
ஸ்ட்ராபெரி வாசனை அடிப்பது.
மெமரிப் பட்டையைப் பிடுங்கி
அதன் மஞ்சள் பற்களைத் தேய்.
நினைவைப் போய் ரப்பரால் தேய்க்கவா,
அழிந்துவிடாதா என்றேன்.
சிரித்தான். அழுக்குதான் போகும், பைத்தியமே.
அந்தச் சிரிப்பை நான் மறந்தே போயிருந்தேன்.
அது அவனுக்கு இயந்திரங்களோடு இருக்கும்போது வருவது.

'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்து. வந்ததா?
வந்தது.
போடு.
சின்னம். ஒரு நொடி. கருப்பு.

திருகாணி ஒன்று உருண்டு போயிருந்தது.
டார்ச்சோடு குனிந்து தேடி எழும்போது
வெளிச்சம் சாய்வாகத் திரையில் விழுந்தது.
உள்ளே ஏதோ இருந்தது.

இன்னும் கிட்டே போனேன்.
குளத்தடிக் கூழாங்கல் போல மங்கலாக
படக்குறிகள், கடிகாரம், இரவு பதினொன்று இருபது.
நடுவில்,
நேற்று மூடாமல் விட்ட கடிதத்தை
இயந்திரம் தானாகவே மீட்டுத் திறந்து வைத்திருந்தது.
டார்ச்சின் வட்டத்துக்குள் மூன்று மூன்று சொல்லாக:
*தெமூர், இதை நீ*
*கப்பலில் இருக்கும்போதே சொல்லிவிடுவது*
*நல்லது என்று*

எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது இத்தனை நேரமும்.
பின்னாலிருக்கும் விளக்குதான் செத்திருக்கிறது.

ஏத்தெரி, ஒன்று சொல்கிறேன் கேள்,
டார்ச் இருக்கிறதா வீட்டில்?
பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பார்.
திரையில் ஏதாவது தெரிகிறதா?

அவன் பக்கம் கிரேன் ஒன்று கத்துகிறது.
சாயங்காலம் நாலரை இருக்கும் அங்கே,
நல்ல வெயில் இருக்கும்,
போனைக் காதோடு அழுத்திப் பிடித்து,
சட்டையெல்லாம் எண்ணெய்க்கறையோடு நிற்பான்.

ஒன்றும் தெரியவில்லை என்றேன்.

யோசித்தான். எனக்காக யோசிக்கிறான்.
அப்படியானால் மதர்போர்டாக இருக்கலாம்,
கடையில் கொடுத்து ஏமாறாதே,
மார்ச்சில் வந்ததும் நானே பார்க்கிறேன்.
மார்ச்சில் என்ன சமைப்பாய் என்றும் கேட்டான்.

டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு
இரண்டு கையையும் விசைப்பலகைக்குக் கொண்டுவந்தேன்.
நாலாவது வரியில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது.
அவன் பிழை பொறுக்காதவன்,
என் மளிகைச் சீட்டைக்கூடத் திருத்துவான்.
அம்புக்குறியைத் தட்டித் தட்டி அங்கே போனேன்.

ஏத்தெரி? இருக்கிறாயா?

ம், என்றேன்,
வாயில் வெளிச்சத்தோடு.