பெலும்

வந்த மூன்றாம் நாள்
லிஃப்டுக்குள் கேட்டாள் காக் ரோஹானி:
'சூடா மாக்கான்?'
இல்லை, ஆறிவிட்டது என்றேன்.
பதினான்கு மாடியும் சிரித்துக்கொண்டே இறங்கினாள்.
'சாப்பிட்டாச்சா'ன்னு கேட்டிருக்கு,
விடியுமுன் வேலை முடிந்து வந்த சிக்கந்தர்
மசாலா மணக்கும் சட்டையைக் கழற்றியபடி சொன்னார்.

அவர் பினாங்கில் பிறந்தவர்.
'பாஞ்சிர்' என்றால் வெள்ளம்.
அவர் கடையில் யாராவது அப்படிக் கேட்டால்
சோறு மிதக்க ஐந்து குழம்பு ஊற்றுவார்.
எனக்கு வெள்ளம் என்றால்
உத்தமபாளையத்தில் ஓர் ஐப்பசி,
ஆறு தெருவுக்குள் வந்து
அத்தாவின் மொபெட்டைக் கொண்டுபோனது.
ஒரே சொல்லை இருவரும்
ஒரே தட்டில் தின்கிறோம்.

சவ்ராஸ்தா சந்தையில் ஒரு மாதம்
விரலை நீட்டித்தான் மீன் வாங்கினேன்.
'கோலம்' என்ற பலகையைப் பார்த்து
நின்று குனிந்தால்
உள்ளே மீன்குஞ்சுகள் நீந்தின.

ஊர்ப் பள்ளிவாசலின் படிகள் எனக்குத் தெரியும்.
உள்ளே எத்தனை தூண் என்று தெரியாது.
ஜும்ஆ முடிந்து வரும் தம்பியிடம்
உள்ளே நல்லா காத்து வருமாடா
என்று கேட்டிருக்கிறேன்.
இங்கே ரோஹானி
சுபுஹுக்குக் கதவைத் தட்டுகிறாள்,
கீழ்த்தளத்து சூராவுக்கு,
கத்தரிக்காய் வாங்கக் கூப்பிடுகிறவள் மாதிரி.

நுழைந்ததும் கொடியில் வெள்ளை அங்கிகள்.
யார் யாரோ உடுத்திக் கழற்றியவை.
நான் எடுத்ததில் தைல வாசனை.
தாடையடி நாடா தளர்ந்திருந்தது.
வேறொருத்தியின் தலைவலிக்குள்
என் தலையை நுழைத்துத் தக்பீர் கட்டினேன்.

பாத்திஹா முடிய ஆமீன் எழுந்தது,
வாய்விட்டு.
எங்கள் ஆமீன் உதட்டுக்குள்ளேயே இருப்பது.

இரண்டாம் ரக்அத்தில் ருகூவிலிருந்து நிமிர்ந்து
சஜ்தாவுக்கு முழங்காலை மடக்கப் போனேன்.
யாரும் போகவில்லை.
இமாம் நின்றபடி ஓத ஓத
வரிசை முழுக்க உள்ளங்கைகள் ஏந்தியிருந்தன.
என் கைகள் மட்டும் தொடையோரம்,
பஸ்ஸைத் தவறவிட்ட இரண்டு பேர் மாதிரி.

'இங்க ஷாஃபி, நாம ஹனஃபி.
நீ சும்மா நின்னா போதும்.
நான் தூங்கணும்.'

சும்மா நிற்பது சுலபமில்லை.
இரு பக்கமும் முழங்கைகள் உரச
தொங்கும் கை எதையோ மறுக்கிறது.
தூக்கலாம் என்றால்
பதினொரு வயதில் அறைமூலையில்
கதவைச் சாத்திக்கொண்டு தனியே தொழுதாளே,
அவள் திரும்பிப் பார்க்கிறாள்.

இப்படியே ஏழு மாதம்.
நோன்பு வந்து போனது.
கஞ்சிக்கு வேறு பெயர், வேறு இலை வாசனை.
பசி மட்டும் அதே பசி.

நேற்று விடியலில்
குனூத் நடுவே கரண்ட் போனது.
மைக் நின்றது, ஃபேன் நின்றது.
திரைக்கு அந்தப்பக்கம் இமாமின் குரல்
எங்களுக்கு எட்டவில்லை.
இருட்டில் பெண்கள்
உத்தேசமாக ஆமீன் சொன்னார்கள்,
ஒருத்தி முந்தி, ஒருத்தி பிந்தி.
எங்கேயோ ஒரு குழந்தையும் சொன்னது.
அப்போது என் கைகள் என்ன செய்தன என்று
எனக்கே சரியாகத் தெரியாது.
விளக்கு வந்தபோது
வயிற்றுக்கு நேரே, துணிக்குள்,
ஒன்று மேல் நோக்கித் திரும்பியிருந்தது.
மற்றது இல்லை.

லிஃப்டில் ரோஹானி கேட்டாள்:
'சூடா பியாசா?'
பழகிவிட்டதா என்கிறாள்.
இப்போது எனக்குப் புரிகிறது.

இந்த ஊரில் இல்லை என்று
சட்டென்று யாரும் சொல்வதில்லை.
மழை விட்டதா? பெலும்.
மகளுக்குக் கல்யாணம் ஆயிற்றா? பெலும்.
கதவைத் திறந்தே வைத்திருக்கும் ஒரு சொல்.

பெலும் என்றேன்.
தலையாட்டிவிட்டுப் பதினான்கை அழுத்தினாள்.
ஊரில் மணி நாலு.
அம்மா இன்னும் எழுந்திருக்க மாட்டாள்.