முப்பத்திரண்டு காது

காசிமேட்டில் இருட்டோடு கிளம்பினோம்.
வாடகை விசைப்படகு.
ஐஸ்பெட்டி வைக்கிற இடத்தில்
ஆளில்லா நீர்மூழ்கி
மஞ்சள் தார்ப்பாய் போர்த்திப் படுத்திருந்தது.

எண்ணூருக்குக் கிழக்கே, பத்துப் பாகம் தண்ணீரில்
இறக்கினோம்.
அதன் வயிற்றில் ஓர் உருளை,
உருளையில் நூற்றிருபது மீட்டர் கேபிள்,
கேபிளுக்குள் எண்ணெயில் ஊறிய காதுகள்
முப்பத்திரண்டு.

நின்றபடி விட்டால் சுருண்டு விழும்.
நகர்ந்தபடியே விட வேண்டும்,
விநாடிக்கு ஒரு சாண்.
பெருங்குடியில், ஏசி அறையில்,
நான் எழுதிய விதி.

"மீன் மாட்டாத தூண்டிலுக்கு
இம்மாம் நீளமா?"
என்றார் ஸ்ராங்கு தேசிங்கு.

வால்நுனித் துணிக்கூம்பு முதலில் போனது.
பின்னாலேயே ஒன்று, இரண்டு என்று
காதுகள் கடலுக்குள் திறந்தன.

மயிரிழைக் கண்ணாடி நூல் வழியே
படகுக்கு வந்தது சத்தம்.
ஹெட்போனில்
இறால்கள் கடுகாய்ப் பொரிந்தன.
நிலக்கரிக் கப்பலொன்று
தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தது.
அனல்மின் நிலையத்து வெந்நீர் வந்து விழும் திசையில்
ஒன்றுமே இல்லை.
அதையும் குறித்துக்கொண்டேன்.

திரும்பச் சுற்றும்போதுதான் மாட்டியது.
இன்னும் எழுபது மீட்டர் வெளியே.
இழுவிசை ஏறி, மோட்டார் தானே நின்றது.
இதற்கென்று என் விதியில் மூன்று வரி.
மூன்றும் 'காத்திருக்கவும்' என்றன.

காத்திருந்தேன்.
பதினொன்றாம் காதில் மட்டும்
யாரோ கோணி கிழிப்பதுபோல.
வலை.
யாரும் பிடித்திராத வலை.

விதியை மீறினேன்:
இழுக்காமல், இரண்டு மீட்டர் தளர்த்தி விட்டேன்.
நீர்மூழ்கியை இடப்பக்கம் வட்டமடிக்கச் சொன்னேன்.
கிழிசல் சத்தம் பத்தாம் காதுக்கு இறங்கியது,
ஒன்பது, எட்டு.
விரல்விட்டு எண்ணினேன், சத்தமாக.
தேசிங்கு பீடியைப் பற்றவைக்க மறந்திருந்தார்.
ஒன்று.
பிறகு இறால்கள்.

மேலே தூக்கியபோது
கூம்பில் சிக்கி வந்தது ஒரு முழம் பச்சை வலை.
முடிச்சைத் திருப்பிப் பார்த்து
"நம்ம ஆளுங்களுது இல்ல" என்றார்.
ஈயக்குண்டு இரண்டை அறுத்துச்
சட்டைப் பையில் போட்டுக்கொண்டு
மிச்சத்தை மூலையில் வீசினார்.

உருளைக்குள் ஒன்றன்மேல் ஒன்றாய்
அடங்கிக் கிடந்தன காதுகள்.
நூலைக் கழற்ற மறந்துபோனேன்.
தண்ணீர் வடிகிற சொட்டு,
பலகையில் செருப்பு,
பிறகு முப்பத்திரண்டு கோடும் ஒன்றாகத் துள்ள
ஒரு குரல்:

"இன்னாம்மா, ஏதாச்சும் துன்னியா?"

இல்லை என்றேன்.
அதுவும் பதிவாகியிருக்கிறது.