எழுத்துக்கு ஐம்பது டாலர்

இங்கேயும் ஜார்ஜ் டவுன், அங்கேயும் ஜார்ஜ் டவுன்.
கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ளவில்லை.
புறப்படும் ஊரும் போய்ச்சேரும் ஊரும் ஒன்றா என்று
சிவப்பில் கேட்கிறது.
நாடு என்ற கட்டத்தில் கயானா என்று அடித்த பிறகுதான்
அடங்கியது.

தம்புசெட்டித் தெரு, மூன்றாம் மாடி,
லிஃப்ட் இல்லாத க்ளியரிங் ஏஜெண்ட் ஆபீஸ்.
சரக்கு: மஞ்சள்தூள் நாற்பது மூட்டை,
கட்டம் போட்ட துணி ஆறு பேல்,
கடைசி வரியில், தப்பு, இருபத்துநாலு உருப்படி.
"என்னம்மா, சரக்கே தப்புன்னு போட்டிருக்கு?"
காதர் மீரான் சார் கண்ணாடியை ஏற்றினார்.
"மேளம் சார். பறை மாதிரி.
அங்கே மாரியம்மனுக்கு அடிப்பாங்களாம்."
"இசைக்கருவியில போடு. டிராபேக் வருமா பாரு."

வாங்குபவர்: மூன்சாமி அண்ட் சன்ஸ்.
நிலாவுக்கென்று ஒரு சாமியா?
முனுசாமி என்று திருத்தப் போனேன்.
சார் என் கையைப் பிடிக்காத குறை.
"பில் ஆஃப் லேடிங்ல ஒரு எழுத்தைத் தொட்டா
கப்பல்காரன் ஐம்பது டாலர் கேப்பான்."

அன்றைக்கு இலவசம்.
இந்தத் தெருக்களுக்குப் பின்னால் எங்கோ ஒரு மேஜை,
மைக்கூடு, வேர்வையில் கை ஒட்டும் ரிஜிஸ்தர்.
உன் பேர்? முனுசாமி. சத்தமாச் சொல்லு.
எழுதியவனுக்குச் சாப்பாட்டு நேரமாக இருந்திருக்கும்.
துறைமுகமே இல்லாத காலம்.
மசூலாப் படகில் அலைக்கு அலை தூக்கியெறிந்து
கப்பலில் ஏற்றினார்கள்,
ஐந்து வருஷம், கரும்பு,
ஆளுக்கு ஒரு கம்பளி, ஒரு தகரத் தட்டு.
அவன் வெட்டியது சர்க்கரையாகிச் சீமைக்குப் போனது.
அவன் எங்கும் போகவில்லை.
தலைக்கு இத்தனை என்று வாங்கிய கமிஷனில்
இங்கே யார் வீட்டுக்கு மாடி எழும்பியதோ.
எங்கள் ஆபீஸ் படிகள் நல்ல தேக்கு.

பிறகு கல்லைக் கொட்டித் துறைமுகம் கட்டினார்கள்.
தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது.
வடக்கே, காசிமேட்டில்,
எங்கள் பழைய கதவிலக்கத்தில்
இப்போது நண்டு பிடிக்கிறார்கள்.
கடல் ரசீது தருவதில்லை.

மணி நாலு. ட்ரெய்லர் ஓட்டும் கொளஞ்சி கூப்பிடுகிறார்,
ஜீரோ கேட் வரிசையில் பதினாறு மணி நேரமாக நிற்கிறார்,
பின்னால் யாரோ விடாமல் ஹாரன் அடிக்கிறான்.
"மேடம், பேப்பர்ல தப்பு எதுவும் இல்லையே?"

"இருபத்தஞ்சு இருக்குண்ணே.
பத்திரமா ஏத்துங்க."